இடது ஓரத்து நட்சத்திரம்

“‘எங்க நட்சத்திரத்தைத் துடைச்சுப் போட்டவங்களுக்கு ராத்திரி தூக்கமே வரக் கூடாது.’ இது ஒருத்தர். இன்னொருத்தர் என்ன எழுதறார் கேளும்மா...”

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே, ‘ஒன்பதாம் ஓடம்’ என்ற பழைய விண்வெளித் தொடரைக் கணினியில் துடைத்துப் புதுப்பிக்கும் பெண், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரருக்குப் பக்கத்தில் அவர் மனைவி, மடியில் பையோடு, எப்போது கிளம்பலாம் என்று வாசலையே பார்த்தபடி இருந்தாள்.

“நல்லதும் எழுதியிருக்காங்களே சார்,” என்றாள் பெண். “‘ரோபோ தகர டப்பான்னு இப்பத்தான் தெரியுது, ஆனா என்ன அழகான டப்பா!’ன்னு ஒருத்தர். ‘வில்லன் மூக்குல மரு இருக்கு, இத்தனை வருஷமா மறைச்சுட்டீங்களேடா’ன்னு ஒருத்தர். முதல் காட்சியிலேயே அழுதுட்டேன்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க.”

“நானும்தான் அழுதேன். படம் பளிங்கு மாதிரி இருக்கு. உன் கைக்கு வளையல் வாங்கிப் போடணும். ஆனா இடது ஓரத்துல ஒண்ணு மினுக்குமே, அது எங்கே?”

முதல் பாகம் மட்டும்தான் வெளியாகியிருந்தது. மீதி வெள்ளிக்கிழமை வருகிறது. அதற்குள் நட்சத்திரம் திரும்பி வராவிட்டால், ரசிகர் சங்கத் தலைவராகத் தான் இருந்து என்ன பயன் என்றுதான் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

“ஏங்க, ஒரு புள்ளிக்குப் போய் இந்தக் கூத்தா? எழுந்திரிங்க, போகலாம்,” என்றாள் மனைவி.

“புள்ளியா? வெளியில கிளம்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு புருவத்துக்கு மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து மை தீட்டறியே, அதை நான் என்னிக்காவது கூத்துன்னு சொன்னேனா?”

மனைவி முறைத்தாள். பெண் குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

“மத்த நட்சத்திரமெல்லாம் பெயின்ட் அடிச்சதும்மா, சும்மா இருக்கும். இது மட்டும் எரியும், அணையும், திரும்ப எரியும். தொலைஞ்சுபோன மாலுமி அங்கேருந்து சைகை காட்டறான்னு கண்டுபிடிச்சவன் நான். சங்கத்துல வருஷா வருஷம் இதைப் பத்தித்தான் என் பேச்சு.” அவர் குரல் தணிந்தது. “சின்னப் பையனா டிவி முன்னாடி உட்கார்ந்தா, எனக்கு ஹீரோ கண்ணுலயே பட மாட்டான். அந்த நட்சத்திரம் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும். கல்யாணம் பேசினப்ப இவகிட்ட முதல்ல சொன்ன விஷயமே அதுதான்.”

“ஆமா, மத்தவங்கல்லாம் சம்பளத்தைச் சொல்வாங்க. இவரு நட்சத்திரத்தைச் சொன்னாரு.”

“அதுக்கு இவ என்ன பண்ணினா தெரியுமா? விழுந்து விழுந்து சிரிச்சா! சரி, சிரிக்கிற பொண்ணுதான்னு கட்டிக்கிட்டேன்.”

பெண் தயங்கினாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“சார், மனசு கஷ்டப்படாதீங்க. அது நட்சத்திரமே இல்லை. வானம்னு கட்டின கறுப்புத் துணியில ஒரு ஓட்டை. பின்னாடி பல்பு எரிஞ்சிருக்கு. கிழிசல்னுதான் மூடிட்டேன்.”

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. “ஓட்டையா? ஓட்டை எப்படிம்மா அணைஞ்சு அணைஞ்சு எரியும்?”

“துடைக்காத படம் இருக்கு. பெருசாக்கிக் காட்டறேன்.”

“வேணாம்மா!” மனைவி சட்டென்று எழுந்துவிட்டாள். “அதுக்குன்னு எதுக்கு உனக்கு வீண் வேலை? கம்ப்யூட்டர் வேற சூடாயிருக்கு, பாவம்.”

“நீ உட்காரு. வந்ததுக்குப் பார்த்துட்டே போயிடலாம்.”

திரையில் ஓடம் விலகியது. இடது ஓரத்துப் புள்ளி பெரிதாகிப் பெரிதாகி, ஓரம் பிசிறிய வட்டமானது. வட்டத்தில் வெளிச்சம். அடுத்த நொடி வெளிச்சம் அணைந்தது. அணைந்த இடத்தில், படப்பிடிப்பு விளக்குகள் பட்டு, புருவத்தோடு சேர்த்து ஒரு குழந்தையின் கண் பளபளத்தது.

“யாரோ ஒரு வாண்டு பின்னாடி நின்னு எட்டிப் பார்த்திருக்கு சார். கண்ணை வெச்சா நட்சத்திரம் அணையுது, எடுத்தா எரியுது. எல்லாப் பாகத்துலயும் இதே கண்ணுதான்.”

ஒரு மனிதரின் வாழ்நாள் சந்தோஷத்தைக் கெடுத்துவிட்டோமே என்று பெண்ணுக்குச் சங்கடமாகிவிட்டது.

“இப்பவும் உங்களுக்கு அது வேணுமா சார்? இல்லை, மூடினது மூடினபடியே இருக்கட்டுமா?”

அவர் தினமும் ஊரார் கண்களைப் பார்த்தே பிழைப்பவர் அல்லவா? மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையை ஒட்டினாற்போல் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“வேணும்மா,” என்றார். குரல் உடைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. “இருந்த இடத்துலயே வை. அது என்னைப் பார்த்துட்டுதான் இருந்திருக்கு.”

பிறகு சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மனைவியின் புருவத்தை மெல்லத் துடைத்தார். மை அழிந்த இடத்தில், திரையிலிருந்த குட்டிப் புருவத்தைப் பிளந்த அதே தழும்பு.

“அந்தக் கறுப்புத் துணி எங்கப்பா ஷூட்டிங்குக்குத் தைச்சது, கத்தரி வெச்சது நான்,” என்றாள் அவள், கல்யாணம் பேசிய அன்று சிரித்த அதே சிரிப்போடு. “அடி விழுமேன்னு அப்போ வாயைத் திறக்கலை. அப்புறம் சொல்லலாம்னு பார்த்தா, நீங்க அதுக்கு ஒரு சங்கமே ஆரம்பிச்சுட்டீங்க!”