ரேகை வைக்க வந்தவள்

"யாராவது கேட்டா, 'நான்தான் இவளோட அம்மா'ன்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசாதீங்க."

ஸ்வர்ணலதா ஒரு துண்டுத்தாளை நீட்டினாள். அவளுடைய பிறந்த தேதி, படித்த பள்ளிக்கூடம், நர்சிங் சீட்டு கிடைத்திருக்கும் திருப்பதி காலேஜின் பெயர் எல்லாம் அதில் இருந்தன. பத்மினி பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"உதவித்தொகை பாரத்துல அம்மான்ற எடத்துல ஒங்க பேரு, ஒங்க ஆதார் நம்பர்தான் போட்டிருக்கேன். கைரேகை இல்லாம பாரத்த எடுக்க மாட்டாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாளு."

"சரிம்மா."

"முந்தானைய தலையில போட்டுக்குங்க. ஊர்ல யார் கண்ணுலயும் படவேணாம்."

பத்மினி போட்டுக்கொண்டாள். சூளூர்பேட்டையில் இறால் உரிக்கும் ஷெட்டில் அவளுக்கு வேலை. இருப்பதில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, விடியுமுன் கிளம்பி, மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். சேலையை இந்தப் பெண் கவனித்ததாகவே தெரியவில்லை. போன வாரம் போனிலும் இப்படித்தான், "ஒரு நாள் வந்துட்டுப் போங்க, பஸ் சார்ஜ் குடுத்துடறேன்" என்றதோடு வைத்துவிட்டாள்.

ஸ்வர்ணலதா பத்தடி முன்னால் நடந்தாள். சேர்ந்து நடந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்பது போல. பத்மினி அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள்.

கிராம சச்சிவாலயம் என்கிற ஊர் அரசாங்க ஆபீசில் கூட்டம் இல்லை. உதவித்தொகை பாரங்களைப் பார்க்கும் கோபிகிருஷ்ணன் ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "ரண்டி, கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் சொல்லி நாற்காலியைக் காட்டினான். உட்கார்ந்ததும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஜாடையே இல்லியே?"

"நான் எங்க நைனா ஜாடை சார்" என்றாள் ஸ்வர்ணலதா அவசரமாக. "அவரு தவறிப்போயி ஒரு வருஷமாச்சி. அம்மா வெளியூர்ல வேல செஞ்சிக்கினு இருக்காங்க."

"அதுக்கில்லம்மா. போன வாரம் ஒரு பொண்ணு பக்கத்து வூட்டம்மாவ இட்டுக்கினு வந்து, அம்மான்னு சொல்லிடுச்சி. எனக்கு மெமோ குடுத்துட்டாங்க." அவன் பத்மினியின் பக்கம் திரும்பினான். "பாப்பா எப்ப பொறந்துச்சி?"

"ஆகஸ்ட் பதினாறு." தாளில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் பத்மினி நிறுத்தவில்லை. "விடியக்காலம். நல்ல மழ. ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஆட்டோவுலயே பொறந்துட்டா. ஆட்டோக்காரரு பேரு கன்னையா. அவரு தோள்ல கெடந்த துண்டுலதான் சுத்திக் குடுத்தாங்க."

ஸ்வர்ணலதா சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். கோபிகிருஷ்ணன் சிரித்துவிட்டான். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ரேகை மிஷினை அவள் பக்கம் தள்ளினான்.

கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்புதான். வருஷக்கணக்காக இறால் ஓடு உரித்து உரித்து, விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன.

"இல்லன்னா பாரம் போவாதா சார்?" ஸ்வர்ணலதா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

பத்மினி மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒன்பதாவதாக இடது மோதிரவிரலை வைத்து, நகம் வெளுக்கும் வரை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"ஆயிடுச்சி. பாப்பா காலேஜ்ல சேர்ந்துக்கலாம். வருஷா வருஷம் ஃபீஸ் வந்துடும்."

ஸ்வர்ணலதா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பத்மினியின் கை அவள் தோள் வரைக்கும் போய், தொடாமல் திரும்பி வந்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. பஸ் ஸ்டாப் வந்து சேர்ந்ததும் ஸ்வர்ணலதா திரும்பினாள்.

"ஆட்டோ கதையெல்லாம் யாரு சொல்லச் சொன்னது?"

"வாயில வந்துடுச்சி."

"அவரு மேல மேல தோண்டியிருந்தா?"

பத்மினி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். எதிரே ஒரு சின்ன ஹோட்டல் திறந்திருந்தது. "ஒரு வாய் துன்னுட்டு போலாமாம்மா? ரெண்டு பேரும்?"

"எனக்குப் பசி இல்ல. நீங்க வேணா துன்னுங்க."

தனியாகப் போய் உட்கார அவளுக்கும் பசியில்லை. ரோட்டைப் பார்த்தபடி இரண்டு பேரும் நின்றார்கள். நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது.

பத்மினி முதலில் ஏற வேண்டிய திருப்பதி பஸ் வந்து நின்றது. ஸ்வர்ணலதா ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினாள். பத்மினி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அடுத்த வருஷமும் ரேகை வெக்கணும்னா போன் பண்ணும்மா. வந்துடறேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்ததும், ஸ்வர்ணலதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி ஓடி வந்தாள்.

"நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப நீ என்ன வுட்டுட்டுப் போனதும் இதே பஸ்ஸுலதானேம்மா?"