இதைவிட லேசா இருக்கா?

போளூர் செருப்புக் கடையில் இன்னொரு ஜோடி பூட்ஸையும் கையில் தூக்கிப் பார்த்தாள் ஈஸ்வரி.

"இதைவிட லேசா இல்லியா?"

"ஜவ்வாது மலை ஏறத்தானக்கா கேக்கறீங்க? பாறையில புடிப்புதான் முக்கியம். இது வழுக்காது" என்றார் கடைக்காரர்.

"புடிப்பு சரிங்க. வெயிட்டை நெனைச்சாதான் பயமா இருக்கு."

பூட்ஸைப் போட்டு நடந்து பார்த்த கணவன் வெற்றிவேல் சிரித்தான்.

"நான் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து இப்படித்தாங்க பயப்படறா. எனக்கு ஒண்ணும் ஆவாது ஈஸ்வரி, இதையே வாங்கிடு." கழற்றிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுக்க வெளியே போனான்.

ஈஸ்வரி அந்த பூட்ஸைத் தன் தோள்பையில் போட்டு மாட்டிக்கொண்டு, கடைக்குள் இரண்டு நடை நடந்தாள்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. "போட்டுக்கப் போறது அவருதானக்கா?"

"எறங்கும்போதுதான் போட்டுக்குவாரு. ஏறும்போது நான்தான் சுமக்கணும்." வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அவரு பொழைச்சு வந்தா, மேல இருக்கற கோயிலுக்கு வெறுங்கால்ல ஏற வைக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?"

"அடிவாரத்துக்குப் போய்த்தான் சொல்லணும்."