உதட்டில் படாத ஏழு கிளாஸ்

"மோந்தது போதும், ஒரு வாய் குடிச்சுப் பாருங்க யசீகரன். உங்களுக்கு முன்னால ஆறு பேர் தோத்துட்டுப் போயிருக்காங்க" என்று காதோரம் கெஞ்சினார் சுப்பிரமணியன்.

நியூசிலாந்தின் மனுரேவாவில் இத்தாலிய மதுவகைகளை இறக்குமதி செய்யும் கிடங்கு அது. சுப்பிரமணியன் அங்கே மேனேஜர். மேசையில் பெயர் சொல்லாத மது ஊற்றிய ஏழு கிளாஸ்கள். எதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று சொல்பவருக்கு ருசி பார்க்கும் வேலை. வேலைக் கடிதம் கிடைத்தால்தான் கொழும்பில் இரண்டு வருடமாகக் காத்திருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் விசா. யாழ்ப்பாணத்து நாட்டு மருந்துக் கடையில் பத்து வருடம் சரக்கை முகர்ந்தே தரம் பிரித்த மூக்கை நம்பி வந்திருந்தார் யசீகரன்.

மஞ்சள் கிளாஸை முகர்ந்தார். "குங்குமப்பூ, புதினா, பெருஞ்சீரகம்."

சுப்பிரமணியன் அதை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, முதலாளி பெப்பே புருவத்தை உயர்த்தினார்.

அடுத்தது கன்னங்கரேல். "கறுவாப்பட்டை, கராம்பு. ஒரு காயும் கிடக்கு. பழுக்க முதல் பிடுங்கினது."

"பச்சை வால்நட்! இத்தாலியில் ஜூனில் பறிப்போம்!" பெப்பே மார்பில் கைவைத்தார்.

மூன்றாவதற்கு யசீகரன் கண்ணை மூடி மேசையைப் பிடித்துக்கொண்டார். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. கிடங்கே மூச்சை அடக்கி நின்றது.

"இது வைன். உள்ளுக்குக் கொய்னாப் பட்டை. மலேரியாவுக்குக் குடுக்கிறது."

"எங்கள் ஊரிலும் இது மருந்துதான்!" என்று எழுந்தேவிட்டார் பெப்பே. ரொட்டியும் தண்ணீரும் நீட்டினார். யசீகரன் இரண்டு கையாலும் மெதுவாகத் தள்ளிவைத்தார்.

நான்கு, ஐந்து, ஆறு எல்லாமே சரி. ஏழாவதை வெகுநேரம் முகர்ந்தார்.

"இதில மூலிகை ஒண்டும் இல்லை. வைனுக்குள்ள சாராயம் கலந்து மரப்பீப்பாயில கனகாலம் வச்சிருக்கு."

"சிசிலியின் மர்சாலா! ஆறு பேரும் இதில்தான் இல்லாத மூலிகையைச் சொன்னார்கள்" என்றார் பெப்பே. அவர் கண் கலங்கிவிட்டது. "எல்லோரும் குடித்து நாக்கைக் கெடுத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு கட்டுப்பாட்டை முப்பது வருடத்தில் பார்த்ததில்லை. திங்கட்கிழமை வந்துவிடுங்கள்."

கடிதம் கைக்கு வந்தது. வெளியே வந்ததும் சுப்பிரமணியன் பிரமிப்பு அடங்காமல் கேட்டார். "ஒரு சொட்டுகூட நாக்குல வைக்கலையே! இந்த வித்தையை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

யசீகரன் காரில் சாய்ந்துகொண்டார்.

"வித்தையும் இல்லை ஒண்டும் இல்லை, அண்ணை. மனுசியும் மகளும் வந்து சேரோணும் எண்டு கந்தசஷ்டி விரதம் பிடிக்கிறன். இண்டைக்கு ஆறாம் நாள், பச்சைத் தண்ணியும் இல்லை. மூண்டாவது கிளாஸில தலை சுத்தி விழப் பாத்தன், முருகா முருகா எண்டு மேசையைப் பிடிச்சனான்." குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குப் பாரணை செய்து விரதம் முடிய, அந்த ஏழு கிளாஸையும் ஒருக்காக் குடிச்சுப் பாக்க முதலாளி விடுவாரோ?"