புதுப் படம்தான் வேண்டும்

2024ஆம் ஆண்டு ஜூன் மூன்றாம் தேதி, மணலியிலுள்ள ஓர் இரசாயன நிறுவனத்தில், ஊழியர் ஒவ்வொருவரும் மின்னஞ்சலில் தம் பெயருக்குக் கீழே நிழற்படம் சேர்க்க வேண்டும் என்ற ஆணை பிறந்தது. படங்களைத் திரட்டும் பொறுப்பு, இராயபுரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த கீர்த்தியின் தலையில் விழுந்தது. ஆலைப் பக்கம் அவள் இன்னும் போனதில்லை.

ஆலையிலிருந்து சவரிநாதன் அனுப்பிய படம் அவளை உறுத்தியது. தொலைபேசியில் அழைத்தாள்.

"சார், இது பழைய படம். புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க."

"மாப்பிள்ளையா இருந்தப்ப எடுத்ததுதான் மேடம். நல்லாத்தானே கீது? அதையே போட்டுடுங்க."

"இந்த மாசம் எடுத்ததா இருக்கணும். இல்லைன்னா உங்க மெயிலை நிறுத்திடுவாங்க."

"நான் பாக்கறதே மெயில் வேலைதான். அத்த நிறுத்தினா வூட்டுக்குத்தான் போவணும்."

"ஒரு படம் எடுக்க என்ன சார் கஷ்டம்?"

"எடுத்து அனுப்பிச்சுடறேன். பாத்துட்டு பேஜாராவாதீங்க மேடம்."

மாலையில் படம் வந்தது. இடக் கன்னமும் காதும் உருகி ஒட்டியிருந்தன. ஒரு கண் மூடிக் கிடந்தது. கீழே எழுதியிருந்தார்: "ரெண்டு வருசம் முன்ன நம்ம பாய்லர் வெடிச்சப்ப ஆனது."

கீர்த்தி விதிப்படி அதையே சேர்த்து மேலாளருக்கு அனுப்பினாள். படத்தின் அடியில், எல்லோருக்கும் பொதுவான நிறுவன வாசகம் தானாக வந்து அமர்ந்தது: "பதினைந்து ஆண்டுகளாக ஒரு விபத்தும் இல்லை."

மறுநாள் நிர்வாகம் கூடி முடிவெடுத்தது. வாசகம் அப்படியே இருக்கும். சவரிநாதனுக்கு மட்டும் பழைய படமே போதும்.