பக்கத்து வீட்டுச் சண்டை

"தொல்லை கொடுக்கிறவங்கள வெளியேத்தலாம்னு விதி இருக்குல்ல அண்ணே? இந்தப் பொம்பளைய அனுப்புங்க லா," என்று மலேசியாவின் கோப்பெங் நகர அடுக்குமாடிக் குடியிருப்பின் தலைவர் கார்த்திகேசுவிடம் கத்தினான் கோகிலன். "வழியில செருப்புன்னு ஒரு நாள், நெத்திலி வாடைன்னு ஒரு நாள். கதவை இடிச்சுச் சண்டைக்கு வாரா."

பக்கத்து வீட்டு முத்தம்மா வாய் திறக்கவில்லை. வீடே போனாலும் அவள் உண்மைக் காரணத்தைச் சொல்ல மாட்டாள் என்று கோகிலனின் மனைவி கலாதேவிக்குத் தெரியும்.

"நீ சொல்லும்மா," என்று கலாதேவியிடம் சொன்னார் கார்த்திகேசு.

கோகிலன் முறைத்தான். கலாதேவி தன் நீளக்கைச் சட்டையை மெல்லச் சுருட்டினாள். கையெல்லாம் கன்றிப்போயிருந்தது.

"இவர் என்னை அடிக்கிற சத்தம் கேட்டாத்தான் அக்கா வருவாங்க. அவங்களோட சண்டை போட இவர் வாசலுக்குப் போயிடுவார். எனக்கு அடி நின்னுரும்."

கார்த்திகேசு கோகிலன் பக்கம் திரும்பினார்.

"என்னமோ விதின்னியே தம்பி, இன்னொரு தடவை சொல்லு."