சைலன்சரா, டயரா

மெக்கானிக் தளவாயின் கடைக்குள் சாய்ந்து விழும் வெயிலில் அந்தப் புது சைலன்சர் பளபளக்கிறது. அதைத் தன் பைக்கில் மாட்ட வந்திருக்கும் முத்துச்செல்வம் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அவன் மனைவி சரண்யாதேவி பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டி மடியில் இறுக்கியிருக்கிறாள். போன வாரம் துறைமுகச் சாலையில், உப்பு லாரி ஒழுகவிட்டுப் போன ஈரத்தில் அவனுடைய ரேஸ் பைக் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். அவள் முழங்கைச் சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை. இப்போதும் வெளியே ஓர் உப்பு லாரி உறுமிக்கொண்டு போகிறது. தட்டில் கிடக்கும் போல்ட்டுகள் அதிர்ந்து அடங்குகின்றன. அவன் பார்வை அவள் முழங்கையில் வந்து நிற்கிறது. சைலன்சரை மெல்லக் கீழே வைக்கிறான். “அண்ணாச்சி, இது வேண்டாம். ஈரத்துல பிடிக்கித மாதிரி ரெண்டு டயரு, நல்ல பிரேக் பேடு போடுங்க. பொறவு, பின்சக்கரத்துல சேல சிக்காம இருக்க, நான் கழத்திப் போட்ட சாரி கார்டையும் மாட்டிருங்க.” தளவாய் சிரிக்கிறார். “ஏலே, ரேஸ் வண்டிக்கா சாரி கார்டு?” “பின்னால இவல்லா உக்காருதா.” சரண்யாதேவியின் விரல்கள் தளர்கின்றன. கடல்காற்று முந்தானையை மடியிலிருந்து உருவிப் படபடக்க வைக்கிறது. அவள் அதை இழுத்துப் பிடிக்கவில்லை.