ஊராட்சிக்கு மிச்சமான பதில்

தணிகைவேல் மாவட்டத்துக்கு அனுப்பிய மனு, நான்கு நிமிடங்களில் ஊராட்சி ஒன்றியம் வழியாக இறங்கி, 'உரிய பதில் அளிக்கவும்' என்ற குறிப்போடு அவன் மேசைக்கே திரும்பி வந்தது. அவன்தான் ஊராட்சிச் செயலர். ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்று கேட்டிருந்தான். செவிலியர் இல்லாததால்தான் போன ஆனியில் அவன் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். இப்போது அவள் தங்கை குழலிக்கு ஒன்பதாம் மாதம்.

குழலி எதிரே நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள்.

"மேல என்ன சொல்றாங்க, மாமா?"

"என்னையவே பதில் சொல்லச் சொல்றாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "அப்புறமென்ன, ஆபீசர் நீங்கதான். குடுத்தாச்சுன்னு எழுதிருங்க."

அவன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான். சம்மதம் சொல்லும் அதிகாரம் மாநிலத்தோடு சரி. நிதி இல்லை என்று மாவட்டம் சொல்லலாம். ஆள் இல்லை என்று ஒன்றியம் சொல்லலாம். எல்லோருக்கும் கீழே இருக்கும் ஊராட்சிக்கு ஒரே ஒரு பதில் பொத்தானைத்தான் விட்டுவைத்திருந்தார்கள்: 'தேவை இல்லை.'

"அக்கா செத்த ஊர்ல, தேவை இல்லைன்னு நீங்க சொல்லணுமா?"

"ம்."

"சொல்லாட்டி?"

"பதில் போகாத ஊருக்கு அஞ்சு மணியோட தண்ணிய நிறுத்திருவாங்க, அதான் விதி. பதில் போனாத்தான் மறுபடி தொறப்பாங்க."

ஐந்தாக இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. குழலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அழுத்துங்க மாமா," என்றாள். "பிள்ளையக் குளிப்பாட்டத் தண்ணியாவது வேணுமில்ல."

தணிகைவேல் அழுத்தினான்.